செயலாளர் வீட்டு டிஷ்

அந்த நான்கு மாடிக் குடியிருப்பின் சங்கச் செயலாளரைச் 'சட்டம்' என்றுதான் கூப்பிடுவார்கள், அவர் காதில் விழாத தூரத்தில். தணிக்கை அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். வேறு யாரும் முன்வராததால் கிடைத்த பதவி அது. அவரோ ஏகமனதாகத் தேர்ந்தெடுத்தார்கள் என்றே சொல்லிக்கொண்டார்.

தெருவைப் பார்த்த பக்கம் யாரும் டிஷ் மாட்டக் கூடாது என்பது அவர் போட்ட சட்டம். கட்டடத்தின் முக அழகு கெடுகிறதாம். மொட்டை மாடியிலும் கூடாது. தளத்தில் துளை போட்டால் ஒழுகும். மூன்றாவது மாடித் தையல்காரம்மாவின் பால்கனியில் இருந்த டிஷ்ஷை ஆள் வைத்துக் கழற்றி மாடிப்படிக்கு அடியில் போட்டார். அந்த அம்மா கழுத்தில் டேப்போடு நின்று பார்த்துவிட்டு உள்ளே போனார். செயலாளரின் வீடு பின்பக்கம். அவருடைய டிஷ் அங்கே சுகமாக மேற்கே பார்த்துக்கொண்டிருந்தது.

ஒரு நாள் படம் போய், 'சிக்னல் இல்லை' என்று வந்தது. மெக்கானிக்கை வரவழைத்தார்.

"சார், கம்பெனிக்காரங்க வேற சாட்டிலைட்டுக்கு மாறிட்டாங்க. இனிமே கிழக்கே திருப்பணும். கொஞ்சம் பெரிய டிஷ்ஷும் வேணும்."

"திருப்பு. அதுக்கென்ன?"

"கிழக்கே உங்க பில்டிங்கே மறைக்குதே. முன்பக்கம் வச்சாதான் எடுக்கும்."

"என்னை ஒரு வார்த்தை கேக்காம எப்படி மாத்துவான்?"

மெக்கானிக் வானத்தை அண்ணாந்து பார்த்தார். பிறகு பையை மூடிக்கொண்டு கிளம்பினார்.

நாலு பேர் ஒரே நேரத்தில் கத்தும் விவாத நிகழ்ச்சி இல்லாமல் செயலாளருக்குச் சாப்பாடு இறங்காது. கைபேசியில் பார்க்கலாமே என்றால், "கொசு சண்டை போடற மாதிரி இருக்கு" என்றார். மனைவி காதில் இயர்ஃபோனை மாட்டிக்கொண்டு தன் தொடர்களைப் பார்த்தார். கணவர் பேசுவது கேட்காதது கூடுதல் வசதி.

செயலாளர் அவசரக் கூட்டம் கூட்டினார். விஞ்ஞானம் வளரும்போது சட்டமும் வளைந்து கொடுக்க வேண்டும் என்று முழங்கினார். தையல்காரம்மா எழுந்தார்.

"டிஷ்ஷைக் கழட்டினப்ப எனக்குக் கோவம்தான் சார். ஆனா இப்ப வெளியில நின்னு பாத்தா, பில்டிங் பளிச்சுன்னு இருக்கு. எல்லாம் உங்க புண்ணியம். நாங்கதான் இன்டர்நெட்டுக்கு மாறிட்டோமே, இனிமே எதுக்கு?"

கைதட்டல் அடங்கவே நேரமானது. சட்டம் அப்படியே இருக்கட்டும் என்று செயலாளர் கை ஒன்றைத் தவிர எல்லாக் கைகளும் உயர்ந்தன.

"உங்க பேச்சை எல்லாரும் மதிக்கறாங்க. சந்தோஷப்படுங்களேன்" என்றார் மனைவி, ஒரு காதிலிருந்து மட்டும் இயர்ஃபோனை எடுத்து.

தெருமுனை சலூனில் புது டிஷ் வைத்திருந்தார்கள். மறுநாள் மாலை செயலாளர் அங்கே போய் உட்கார்ந்து ரிமோட்டை எடுத்தார்.

"முடி வெட்டணுமா சார்?" என்று கேட்டார் சலூன்காரர். அந்தத் தலையில் வெட்டுவதற்கு எதுவுமில்லை என்பது இருவருக்குமே தெரியும்.

"ஷேவிங்."

"அப்ப சரி. ஷேவிங் முடியற வரைக்கும் நீங்க கேக்கற சேனல்."

அன்றிலிருந்து தினமும் சவரம். விவாதம் நீண்டால், "எதிர்ப்பக்கமா இன்னொரு தடவை இழுப்பா" என்பார். கன்னம் இரண்டும் சிவந்து எரிந்தன. திரையில் ஒருவர் தப்பாக ஏதோ சொல்ல, நுரைக்குள்ளிருந்து அதைத் திருத்தப் போனார்.

"வாயைத் திறக்காதீங்க சார், கத்தி பட்டுடும்."

அடுத்தவர் பேசி முடிக்கும்வரை அவர் வாயை மூடிக்கொண்டு கேட்டது அந்த நாற்காலியில்தான்.