கப்பல் நிற்கும் வயல்

மானியம் கொடுக்கிற வேலை என்பது பாதி நேரம் போட்டோ எடுக்கிற வேலைதான். நிலம் இருக்கிறதா, அதில் பயிர் இருக்கிறதா என்று நேரில் பார்த்து, செல்போனில் படம் பிடித்து அனுப்பினால்தான் விவசாயிக்கு உதவித்தொகை. நான் ஒப்பந்த ஊழியை. எண்ணூருக்கும் மணலிக்கும் நடுவே மிச்சமிருக்கிற வயல்கள் என் பொறுப்பு. அரசாங்கப் படிவத்தோடு ஒரு தடவையாவது மல்லுக்கட்டிய எல்லோரும் எனக்குச் சொந்தக்காரர்கள்தான், கேளுங்கள்.

பனிக்குள் ஒரு கப்பல்

மார்கழிக் காலை. முனுசாமி அண்ணன் வயலில் முழங்கால் உயரத்துக்குப் பனி. அனல்மின் நிலையத்தின் இரைச்சல், யாரோ தூக்கத்தில் மூச்சுவிடுவதுபோல் கேட்டுக்கொண்டிருந்தது. படம் எடுத்து அனுப்பினேன். மூன்றாம் நாள் திரும்பி வந்தது: ‘படத்தில் கப்பல் தெரிகிறது. விளைநிலம் அல்ல.’

பெரிதாக்கிப் பார்த்தேன். கதிர்களுக்கு மேலே, பனிக்குள், துறைமுகத்துக் கப்பல் ஒன்று அங்கேயே முளைத்ததுபோல் நின்றது. எடுக்கும்போது என் கண்ணில் படவே இல்லை. மறுபடி போய், கடலுக்கு முதுகைக் காட்டி நின்று எடுத்தேன், ஏற்றுக்கொண்டார்கள். அண்ணனுக்கு மட்டும் மனசு ஆறவில்லை. “கப்பல் இன்னிக்கி வரும், நாளிக்கி பூடும். நெல்லுதாம்மா இங்கியே கீது. அத அவங்களுக்கு எழுதிப் போடு.”

நீலப் பெட்டி

ஏழுமலை அண்ணனின் நிலம் கன்டெய்னர் யார்டுக்குப் போய்விட்டது. அந்த யார்டிலேயே அவர் வாட்ச்மேன். நிலம் போன பிறகும் விவசாய உதவித்தொகை வந்துகொண்டேயிருக்க, நிறுத்தச் சொல்லி அவரே தேடி வந்தார். “பயிரே வைக்காதவனுக்கு இன்னாத்துக்கும்மா? பேஜாரா கீது.”

நிறுத்துவதற்கும் நிலத்தின் படம் வேண்டும். சாயங்காலம் போனோம். வரிசை வரிசையாகப் பெட்டிகள், அவற்றின்மேல் மஞ்சள் வெயில். அவர் வரப்பில் நடப்பவர்போல் ஓரடி ஓரடியாக வைத்து முன்னால் நடந்தார். ஓரிடத்தில் நின்று காலால் தரையைத் தட்டினார். நான் படம் எடுக்க மறந்து நின்றுவிட்டேன். “அந்த நீலப் பொட்டி கீதே, அதுக்குக் கீழதான் எங்க கெணறு. தண்ணி இன்னும் அப்டியே கீதும்மா, யாரும் மொண்டுக்கலையே.”

செருப்பு

குமாரியக்கா குத்தகை நிலத்தில் கீரை போடுகிறவர். மழையில் கால்வாய் உடைந்து, அத்தனை கீரையும் அழுகிவிட்டது. நிவாரணமோ நிலத்துக்காரர் பெயரில்தான் வரும். பயிரிட்டவர் அக்காதான் என்று நிலத்துக்காரர் எழுதித்தந்தால் அவருக்கே கிடைக்கும். இல்லையென்றால் அடுத்த விதைக்கும் வழியில்லை.

ராயபுரத்தில் அந்த நிலத்துக்காரரைத் தேடிப் போனேன். எட்வின், ரயில்வேயில் ஓய்வு பெற்றவர். அப்பா வாங்கிப்போட்ட நிலத்தை அவர் பார்த்ததே இல்லை. “பாத்துட்டு எழுதித் தரேம்மா” என்றார். ‘பார்த்துவிட்டு’ என்றால் பெரும்பாலும் ‘மாட்டேன்’ என்றுதான் அர்த்தம். ஆனால் சொன்ன ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடித்து, தேய்த்த சட்டையோடு வந்துவிட்டார்.

அக்கா கடனுக்கு விதை வாங்கி மறுபடி தூவியிருந்தார். ஈரமண்ணில் பச்சை அப்போதுதான் கண்ணைத் திறந்திருந்தது. எட்வின் நடுவே போய் நின்று, கனவில் நிற்பவர்போல் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். “இது எங்களுதா?” என்றார். கேட்டுக்கொண்டே கையெழுத்தும் போட்டார். நிவாரணம் அக்காவுக்கே வந்தது. ஆனால் அந்த நிமிஷம் அக்காவின் கண் காகிதத்தின்மேல் இல்லை. “நைனா, செருப்பக் கயட்டிட்டு ஓரமா வா. மொளச்சது மேல நின்னுகினு கீற.”

படிவத்தின் கடைசியில் ‘இதர குறிப்புகள்’ என்று அரை அங்குலம் விட்டிருக்கிறார்கள். நான் பார்த்ததையெல்லாம் அதற்குள் எழுதிக் காட்டுகிறவருக்குத் தனியாக ஒரு மானியமே கொடுக்கலாம்.