‘அண்ணி’ என்று பெயர் வைத்த ஃபைல்

என் லேப்டாப்பில் இருந்த ஃபைல்களுக்கெல்லாம் வண்டி நம்பர்தான் பெயர். ஒன்றே ஒன்றுக்கு மட்டும் ‘அண்ணி’ என்று வைத்திருந்தேன். வரிசையில் அதுதான் முதலில் நிற்கும். வேறு எந்த வண்டியின் வேலையைத் தொடங்கினாலும் அதைத் தாண்டித்தான் போக வேண்டியிருந்தது.

இரண்டாயிரங்களின் கடைசி அது. பெரிய காஞ்சிபுரத்தில் எங்கள் ஒர்க்‌ஷாப். தம்பி ஸ்பேனர் பிடிப்பான், நான் லேப்டாப் பிடிப்பேன். கார்புரேட்டர் இல்லாத பைக்குகள் அப்போதுதான் ஒன்றிரண்டாக ஊருக்குள் வந்துகொண்டிருந்தன. ஆக்சிலரேட்டரை எவ்வளவு முறுக்கினால் எவ்வளவு பெட்ரோல் போக வேண்டும் என்பதை வண்டிக்குள் இருக்கும் சின்னக் கம்ப்யூட்டர் முடிவு செய்யும். கேபிளை மாட்டி அந்தக் கணக்கை நம் இஷ்டத்துக்கு மாற்றி எழுதலாம். பட்டுக்கடையில் பில் போட்டுக்கொண்டிருந்த நான், சென்னைக்கு அலைந்து அந்த வேலையைக் கற்றுக்கொண்டு வந்தேன். ஒரு பெண் வண்டியைத் தொடுவதா என்று முகம் சுளித்தவர்களும் ஒருமுறை ஓட்டிப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டார்கள். வருகிற பையன்கள் எல்லோருக்கும் ஒரே பாட்டுதான்: “அக்கா, பிக்கப் ஏத்திக் குடுக்கா.” ஏற்றிக் கொடுப்பேன். முறுக்கிய மாத்திரத்தில் வண்டி பாயும், அவர்கள் பல்லைக் காட்டிக்கொண்டு திரும்பி வருவார்கள். எனக்கு அதில் தலைக்கனம் நிறையவே இருந்தது.

அப்படி ஒரு நாள்தான் மாகறல் கிராமத்து அண்ணன் வந்தார். ஐம்பதை நெருங்கும் வயது, வெள்ளை வேட்டி, ஊரில் கொஞ்சம் நிலமும் ஓர் உரக்கடையும். ஓட்டிவந்ததோ இளவட்டங்கள் ஏங்கும் வண்டி. வளைகுடாவுக்கு வேலைக்குப் போன மகன் விட்டுவிட்டுப் போனது.

“யம்மா, கம்ப்யூட்டர்ல வண்டியை மாத்துறது நீதானா? இதோட வேகத்தைக் கொறச்சுக் குடுக்க முடியுமா?”

தம்பி சிரித்துவிட்டான். அண்ணன் சிரிக்கவில்லை.

“வீட்டுல அவளுக்கு முதுகெலும்புல கேன்சரும்மா. கரண்ட் வைக்க, அதான் ரேடியேஷன் குடுக்க, தெனம் ஆஸ்பத்திரிக்கு இட்டுக்கினு வரணும். கார்ல ஏறினா வாந்தி எடுக்கிறா, ஆட்டோ குலுக்குது. இதுலன்னா எம்மேல சாஞ்சிக்கினே வந்துடுறா. பள்ளம் வந்தா நான் ஒதுங்கிப் போவேன். ஆனா கையை உட்டுட்டு மறுபடி முறுக்கும்போது வண்டி ஒரு வெட்டு வெட்டுது பாரு, அதுல அவளுக்கு உசுரே போவுது.”

அவர் சொன்ன வெட்டு எனக்குத் தெரியும். மைலேஜுக்காகக் கம்பெனிக்காரர்கள் செய்துவைத்தது. கையைத் தளர்த்தியதும் கம்ப்யூட்டர் பெட்ரோலை அடியோடு நிறுத்திவிடும், மறுபடி முறுக்கினால் ஒரேயடியாகத் திறந்துவிடும். பையன்கள் அதைக் கவனிக்கக்கூட மாட்டார்கள்.

நான்கு மாலைகள் உட்கார்ந்தேன். ஆஸ்பத்திரி முடிந்து இருவரும் வருவார்கள். அண்ணியைச் சீட்டிலிருந்து இறங்கவிடாமல் அப்படியே கேபிளை மாட்டிக் கொஞ்சம் மாற்றுவேன். ஏகாம்பரநாதர் கோயில் வரை ஒரு சுற்று போய்வருவார்கள். வலித்தால் அண்ணி வாயைத் திறக்க மாட்டார், அண்ணனின் தோளில் இருக்கும் கை மட்டும் இறுகும். அண்ணன் வந்து எனக்கு ஒப்பிப்பார்: “ரெண்டாவது கியர்ல ஒருவாட்டி புடிச்சா. வேகத்தடை தாண்டி முறுக்கினப்போ ஒருவாட்டி.” நான் திரையில் அந்த இடத்தைத் தேடிப்பிடித்து மட்டுப்படுத்துவேன். நான்காம் நாள் திரும்பி வந்தவர், “ஒருவாட்டிகூடப் புடிக்கலம்மா” என்றார். அண்ணி என் கன்னத்தைக் கிள்ளினார். “ரவிக்கைக்கு அப்புறம் எனக்குன்னு அளவெடுத்து ஒண்ணு செஞ்சது நீதாண்டி பொண்ணே.” அன்றைக்குத்தான் ஃபைலுக்கு அந்தப் பெயரை வைத்தேன்.

அந்த வண்டியை நானும் ஓட்டிப் பார்த்தேன். எருமை மேல் போவது போல இருந்தது. முறுக்கினால் யோசித்துவிட்டுக் கிளம்பும், விட்டால் மெதுவாக மனசு மாறி நிற்கும். பெட்ரோலும் கூடுதலாகக் குடித்தது. ஆனால் கியர் மாறுவதே தெரியாது. அப்படி ஒரு நிதானத்தை நான் வேறு எந்த வண்டிக்கும் எழுதியதில்லை, யாரும் கேட்டதுமில்லை.

நான்கு மாதம் ஓடியது. ஒரு காலை, அண்ணி போய்விட்டார் என்று மாகறலிலிருந்து வந்த ஒருவர் சொன்னார். அன்று லேப்டாப்பைத் திறந்ததும் அந்தப் பெயர் முதல் வரியில் நின்றது. என்னால் பார்க்க முடியவில்லை. அழித்துவிட்டேன். இனி அது யாருக்கு வேண்டும் என்றுதான் நினைத்தேன்.

அடுத்த மாதம் அண்ணன் ஆயில் மாற்ற வந்தார். மொட்டைத்தலையில் முடி அரும்பியிருந்தது. வண்டியை விட்டுவிட்டுக் கடைத்தெருவுக்குப் போய்விட்டார். எனக்கு மனசு கேட்கவில்லை. பாவம், தனியாகப் போகிறவர் எதற்கு இந்த மந்தமான வண்டியோடு மல்லுக்கட்ட வேண்டும்? கம்பெனி எழுதியிருந்த பழைய கணக்கு என்னிடம் இருந்தது. கேபிளை மாட்டி இரண்டே நிமிடத்தில் ஏற்றிவிட்டேன். அவரைக் கேட்கவில்லை, சொல்லவும் இல்லை. நல்லது செய்கிற நினைப்புதான்.

மறுநாள் கடை திறக்கும் முன்பே வாசலில் நின்றிருந்தார்.

“வண்டியை இன்னாம்மா பண்ணீங்க? துள்ளுது.”

“பழையபடி ஆக்கிட்டேன் அண்ணே. இனிமே எதுக்கு அந்த…” என்று தொடங்கியவள் பாதியில் நின்றுவிட்டேன்.

அவர் வண்டியைப் பார்த்துக்கொண்டே பேசினார். “அவ பின்னால குந்திக்கினு இருக்கும்போது எப்படிப் போவுமோ, அப்படியே போய்க்கினு இருந்துச்சும்மா. திரும்பிப் பாக்காம ஓட்டினாப் போதும், பாலாத்துப் பாலம் வரைக்கும் அவ இருக்கிறா. நேத்து இங்கேருந்து கெளம்பி முறுக்கினேன். ஒரு வெட்டு வெட்டுச்சு. அடடா அவளுக்கு வலிக்குமேன்னு கையை உட்டுட்டேன். அப்புறந்தான்…”

ஒரு திட்டுத் திட்டியிருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும். அந்த ஃபைலை அழித்துவிட்டேன், வண்டிக்குள் இருந்ததுதான் கடைசிப் பிரதி, அதன் மேலேயே நேற்று எழுதிவிட்டேன் என்று அவரிடம் சொன்ன அந்த ஒரு நிமிடத்தை இன்றுவரை என்னால் விழுங்க முடியவில்லை. மறுபடி செய்துவிடலாம் அண்ணே என்றேன். அவரும் சரியென்று தலையாட்டினார்.

இன்றைக்கு வண்டியிலேயே பொத்தான் வந்துவிட்டது. மழைக்கு ஒன்று, ஊருக்குள் ஒன்று, பறப்பதற்கு ஒன்று. அமுக்கினால் வண்டியின் குணமே மாறுகிறது. போன வாரம் ஒரு பையன் பெருமையாகக் காட்டினான், நானும் நன்றாக இருக்கிறது என்றேன். உண்மையிலேயே நன்றாகத்தான் இருக்கிறது.

அண்ணனின் வண்டிக்கு அப்போது மூன்று நாள் முயன்றேன். ஞாபகத்திலிருந்து எண்களை எழுதினேன், அழித்தேன், மறுபடி எழுதினேன். வெட்டு போய்விட்டது. வண்டி முன்பைவிடவும் மிருதுவாகக்கூட ஓடியது. அண்ணன் ஒவ்வொரு முறையும் கோயில் வரை தனியாகப் போய்விட்டு வந்து, என் மனம் நோகக் கூடாதே என்று, நல்லாயிருக்குதும்மா என்பார். முகம் வேறு சொல்லும். மூன்றாம் நாள் பொறுமை இழந்துவிட்டேன். என் மேல் எனக்கிருந்த கோபம் அது.

“எந்த இடத்துல வித்தியாசமா இருக்குதுன்னு சொல்லுங்க அண்ணே. அந்த இடத்தை மட்டும் மாத்திடுறேன்.”

அவர் பின்சீட்டின் மேல் கையை வைத்தபடி நின்றார்.

“எனக்கு எங்கம்மா தெரியும்? அவதானே புடிப்பா.”

நான் கேபிளைக் கழற்றினேன்.