குசினிக்குள் ஒரு 'ஃபாய் டி லா'

ஈஸ்ட் ஹாமில் சாப்பாட்டுக்கடை நடத்தும் ஞானேஸ்வரனுக்கு ஒரு பெருமை உண்டு. தன் குசினியில் யாரையும் அதட்டியதே இல்லையாம். பார்சலுக்குக் காத்து நிற்பவர் அகப்பட்டால் போதும், இதைச் சொல்லாமல் விடமாட்டார்.

லண்டனுக்கு வந்த புதிதில் அவர் ஒரு ஹொங்கொங்காரரின் உணவகத்தில் கோப்பை கழுவியவர். அங்கே அவர் படித்த கன்டோனீஸ் ஒன்றே ஒன்றுதான்: 'ஃபாய் டி லா'. கெதியாக, சுணங்காமல் சீக்கிரம் செய் என்று அர்த்தம். சமையற்காரர்கள் தங்களுக்குள் சொன்னால் அந்த 'லா' இழுபட்டுக் கொஞ்சும். பஸ் வருது, ஓடி வா மச்சான் என்பது மாதிரி. அதையே முதலாளி இவரைப் பார்த்துச் சொன்னால் 'லா' பிடரியில் விழும். தோள் தானாகவே குறுகிவிடும். எனக்கென்று ஒரு கடை வந்தால் அங்கே இந்தப் பேச்சு கேட்காது என்று அன்றைக்கே சபதம் எடுத்த மனுசன் அவர்.

இப்போது அவர் கடையில் கோப்பை கழுவுவது சியூலிங். ஹொங்கொங்கிலிருந்து போன வருடம்தான் வந்தவர், அதிகம் பேசமாட்டார்.

ஞாயிற்றுக்கிழமை, கோயில் முடிந்த சனம் ஒரேயடியாகக் கடைக்குள் வந்துவிட்டது. பரிமாறத் தட்டில்லை. ஞானேஸ்வரன் குசினிக்குள் பாய்ந்தார்.

"ஃபாய் டி லா!"

எங்கிருந்து வந்ததென்று அவருக்கே தெரியவில்லை. குரல்கூட அந்த முதலாளியின் குரல். தொட்டியடியில் நின்ற சியூலிங்கின் தோள் குறுகியதைக் கண்டார். வெட்கம் அவரைப் பிடுங்கித் தின்றது. மத்தியானம் முழுக்க யார் முகத்தையும் பார்க்க முடியவில்லை.

கடை அடங்கியதும் தேத்தண்ணியோடு சியூலிங்கிடம் போனார். இருவருக்கும் தெரிந்த அரைகுறை ஆங்கிலத்தில் பேச்சு நடந்தது.

"மன்னிச்சுக்கொள்ளுங்கோ. அந்தச் சொல்லை நான் சொல்லியிருக்கக் கூடாது."

சியூலிங் சிரித்தார். அதில் கோபம் இல்லை. "பரவாயில்லை. நீங்கள் தமிழிலை ஒவ்வொரு நாளும் சொல்லுறதுதானே. நான் இங்கை படிச்ச தமிழே அதுதான்."

"நானோ? என்ன சொல்லுறனான்?"

சியூலிங் கையைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தார்.

"கெதியா! கெதியா!"

அதே அதட்டல், இம்மியும் பிசகவில்லை. மூலையில் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்த துசியந்தி, சொன்னது யாரென்று திரும்பியும் பார்க்காமல், தோளைக் குறுக்கிக்கொண்டு வேகவேகமாக வெட்டத் தொடங்கினாள்.