மறுநாள் அசதிக்குப் பேர் வைத்தவர்

பருத்தி ஏற்றிக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூர் போய்த் திரும்பிய வண்டிக்காரர், எங்கள் வன்னியம்பட்டியில் மாட்டை அவிழ்த்துக்கொண்டே சொன்னார்: "மீரான் வைத்தியரு போயிட்டாவ. நேத்தே அடக்கமும் ஆயிட்டு." ஒரு பிடி மண் போடக்கூட எனக்குக் கொடுத்துவைக்கவில்லை. அவரிடம் கை நீட்டி நாடி பார்த்துக்கொண்ட உங்கள் எல்லாருக்கும் இதை எழுதுகிறேன். மெதுவாகத்தான் எழுத முடிகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு ஒரு விஷக்காய்ச்சல் வந்து போனது. காய்ச்சல்தான் போனது, உடம்பு திரும்பவில்லை. ஒரு நாள் ஏர் பிடித்தால் மறுநாள் எழ முடியாது. தூங்கி விழித்தாலும் அடித்துப்போட்ட மாதிரி இருக்கும். உள்ளூர்ப் பண்டிதர் வாயு என்றார். மாமியார் காத்துக் கறுப்பு என்றார். இராஜபாளையத்து ஆஸ்பத்திரி டாக்டரோ, நரம்புத் தளர்ச்சி என்று ஒன்று உண்டு, அது படித்து மூளையைக் கசக்குகிறவர்களுக்கு வருவது, ஏர் பிடிக்கிற சம்சாரிக்கு வராது என்று அனுப்பிவிட்டார். ஊர் என்ன சொன்னது என்று நான் வேறு சொல்லவேண்டுமா? சோம்பேறி என்றது.

சொன்னதோடு விட்டிருந்தால் தாங்கியிருப்பேன். கோடையில் கண்மாய் மராமத்துக்கு வீட்டுக்கு ஓர் ஆள் வந்து மண் வெட்டவேண்டும், கூலியாள் செல்லாது. வராத வீட்டு வயலுக்குத் தண்ணீர் கிடையாது. காய்ச்சல், அம்மை, வீட்டில் சாவு என்றால் விலக்கு உண்டு. பேரில்லாத நோய்க்கு ஏது விலக்கு? வயல் காய்ந்தால் நானும் என் வீட்டுக்காரி பேச்சியம்மாளும் ஊரைவிட்டுப் போகவேண்டியதுதான்.

என் விஷயத்தைப் பேசக் கூடிய ஊர்க்கூட்டத்துக்கு, எனக்கு நாடி பார்த்துவந்த மீரான் வைத்தியர் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து தாமாகவே வந்தார். நோய்க்குப் பேர் என்ன என்று கேட்டார்கள். "செஞ்ச அன்னைக்குத் தெரியாது. மறுநா படுக்கையில போட்டுரும். தூங்கினாலும் தீராது. மறுநாள் அசதின்னு வச்சுக்கிடுங்க" என்றார். கூட்டம் சிரித்தது.

"எந்த ஏட்டுல இருக்கு சாயபு இது?" என்றார் நாட்டாமை.

"ஏட்டுல இல்ல. இவரு உடம்புல இருக்கு."

அப்படியானால் வெட்டிக் காட்டட்டும் என்றார்கள். எனக்கும் வீம்பு வந்துவிட்டது. பொழுது சாயும்வரை வெட்டினேன்; ஒருவருக்கும் நான் இளைக்கவில்லை. "எம்புட்டு மண்ணு! அசதியாம்ல அசதி!" என்று கைகொட்டினார்கள். வைத்தியர் தலையில் அடித்துக்கொண்டார். "இன்னைக்குப் பாத்து என்னய்யா பண்ண? நாளைக்கு வந்து பாரும்" என்று நாட்டாமையிடம் சொல்லிவிட்டு, ஊர் திரும்பாமல் எங்கள் தொழுவத்திலேயே படுத்துக்கொண்டார்.

மறுநாள் நாட்டாமையைக் கையோடு அழைத்துவந்தார். செம்புத் தண்ணீரை வாய்க்குக் கொண்டுபோக எனக்கு ஏலவில்லை. வெளிச்சம் கண்ணைக் குத்தியது. "நடிக்கானோன்னு நெனச்சேன் சாயபு" என்றார் நாட்டாமை. என் வீட்டுக்கு மட்டும் கூலியாள் வரலாம் என்று ஊர் ஒப்பியது, தண்ணீரும் வந்தது. அந்த ஒரு நாள் வெட்டுக்கு நான் ஒரு மாதம் முழுதும் கிடந்தேன்.

பேர் பரவியதும் வம்பும் வந்தது. அடுத்த கோடையில் ஒருவன் தனக்கும் மறுநாள் அசதி என்று போய் நின்றான். "முந்தின நா என்னலே செஞ்ச?" என்றார் வைத்தியர். "ஒண்ணும் செய்யலையே." "அப்ப மம்பட்டிய எடு."

அந்தப் பேரில் அவருக்கே நிறைவில்லை. "இது அடையாளந்தான் தம்பி. உள்ள என்ன கெட்டுருக்குன்னு எனக்குத் தெரியல. தெரிஞ்சவன் வார வரைக்கும் இது இருக்கட்டும்" என்பார். தெரிந்தவன் இன்னும் வரவில்லை. இவரும் போய்விட்டார். யாரிடம் போய் முறையிடுவது?

அவர் கொடுத்த லேகியம் ஒன்றும் கேட்கவில்லை. அதை அவரே ஒப்புக்கொண்டார். எனக்கு மிஞ்சியது அந்தப் பேர்தான். முன்பெல்லாம் நான் படுத்துவிட்டால் பேச்சியம்மாள் தெருக்கதவைச் சாத்திவிடுவாள், யாரும் பார்த்துவிடக் கூடாது என்று. இன்றைக்கும் படுத்துத்தான் கிடக்கிறேன். யாரோ வந்து என்னைக் கேட்கிறார்கள். அவள் கதவை விரியத் திறந்துவைத்துக்கொண்டு, "அவியளுக்கு மறுநாள் அசதி. ரெண்டு நா கழிச்சு வாங்க" என்று தெருவுக்கே கேட்கச் சொல்கிறாள்.