மேல் பாத்தியில் உருளை கூடாது

எழுபதுகளில் நான் மலைமேல் இருந்த ஒரு ஃபேக்டரியின் டிராயிங் ஆபீஸில் இருந்தேன். கோடு போடுவது பிழைப்பு. போட்ட கோட்டை விட்டு யாரும் நகரக் கூடாது என்பது என் குணம். ஆபீஸில் அதற்கு மரியாதை இருந்தது, வீட்டில் அவ்வளவாக இல்லை.

குவார்ட்டர்ஸுக்குப் பின்னால் சரிவில் ஆறு பாத்திகள், வீட்டுக்கு ஒன்று. எல்லோரும் வருஷம் தவறாமல் உருளைக்கிழங்குதான் போடுவோம். ஒரு வருஷம் செடிகள் திட்டுத் திட்டாக மஞ்சளடித்து நின்றுவிட்டன. பிடுங்கிப் பார்த்தால் வேரெல்லாம் கடுகைவிடச் சின்னதாக மஞ்சள் மணிகள். விவசாய ஆபீஸிலிருந்து வந்தவர் அதை நூற்புழு என்றார். நாலு வருஷம் உருளை கூடாது, பயிரை மாற்றி மாற்றிப் போட்டால் புழு தீனியில்லாமல் சாகும் என்று விளக்கினார். திட்டம் போடும் வேலையை எல்லோரும் என் தலையில் கட்டினார்கள். எனக்கு உள்ளூரச் சந்தோஷம்தான்.

ஆறு பாத்தி, நாலு வருஷம், இருபத்துநாலு கட்டம். கோஸுக்குப் பச்சை, கேரட்டுக்கு ஆரஞ்சு, பீன்ஸுக்கு நீலம், பூண்டுக்குப் பழுப்பு, தக்காளிக்குச் சிவப்பு. ஒரே நிறம் ஒரு பாத்தியில் அடுத்தடுத்து வராது. அந்தப் படத்தைக் கூடத்துச் சுவரில் ஒட்டினேன். "சாமி படத்துக்குக்கூட இவ்வளவு நல்ல இடம் கிடைக்கலை" என்றாள் மனைவி.

மேல் பாத்தி பக்கத்து வீட்டு ஃபிட்டருடையது. என்னைவிட இருபது வயது மூத்தவர். குவார்ட்டர்ஸ் கிடைத்த நாளிலிருந்து அதில் உருளையைத் தவிர வேறு எதையும் நட்டதில்லை. ஆவணியில் ரிட்டயர்மெண்ட். வீட்டைக் காலி செய்துவிட்டு கோபி பக்கம் சொந்த ஊருக்குப் போக வேண்டும். அது சமவெளி, அங்கே உருளை வராது. நான் படம் ஒட்டிய அன்றே வந்துவிட்டார்.

"ஏனுங்க சார், நாலு வருசம்னு போட்டிருக்கீங்க. எனக்கு ஆறு மாசந்தானுங்க இருக்குது. கடைசியா ஒரு தடவ நட்டு, ஒரு மூட்ட ஊருக்குக் கொண்டு போயிக்கறனுங்களே. விதைக்கிழங்கு முளைவிட்டு ஊட்டுல கெடக்குதுங்க."

"உங்க பாத்தி எல்லாத்துக்கும் மேல இருக்குங்கண்ணா. மழை பெஞ்சா உங்க மண்ணு கீழே அஞ்சு பாத்திக்கும் இறங்கும். உங்க ஒருத்தர் ஆசைக்காக அஞ்சு குடும்பத்து மண்ணு கெடணுமா?"

சொன்னது நியாயம்தான். ஆனால் நியாயம் என் பக்கம் இருந்தால் என் குரல் கொஞ்சம் தடித்துவிடும். அவர் சரிங்க என்று போய்விட்டார்.

பத்து நாள் கழித்து மறுபடி வந்தார். ஒரு கையில் நான் சொல்லி வாங்கிய தக்காளி நாற்று. இன்னொரு கையில், பழைய கிழங்கிலிருந்து தானாக முளைத்த ஒரு உருளைச் செடி.

"ரெண்டு இலையும் ஒரே சாடையா இருக்குதுங்களே சார். அத நடக்கூடாது, இத நடலாமுங்களா?"

சந்தேகமாகத்தான் கேட்டார். உருளையை எப்படியாவது உள்ளே கொண்டுவரச் சுற்றி வளைக்கிறார் என்று எனக்குப் பட்டது. "அது மண்ணுக்குக் கீழே காய்க்குது, இது மேலே காய்க்குது. இதுகூடத் தெரியாமயா இத்தனை வருஷம் பண்ணுனீங்க?" என்று மனைவியின் முன்னாலேயே கேட்டுவிட்டேன். அவர் சிரித்து வைத்தார். மறுநாள் விதைக்கிழங்கை மாட்டுக்குப் போட்டுவிட்டு, படத்தில் இருந்தபடி மேல் பாத்தி முழுக்கத் தக்காளி நட்டார். நன்றாகவே காய்த்தது. எங்களுக்கும் ஒரு கூடை வந்தது.

ஆவணியில் அவருக்கு லாரி வரவேண்டிய நாளுக்கு முதல்நாள், காய்ந்த தக்காளிச் செடிகளைப் பிடுங்க மேல் பாத்திக்குப் போனேன். அடுத்து அங்கே கோஸ். முதல் செடியின் வேரை உதறியபோது மணிகள் கண்ணில் பட்டன. நம்பாமல் இன்னொன்றைப் பிடுங்கினேன். பிறகு வரிசையாகப் பிடுங்கினேன். ஒரு வேர்கூடச் சுத்தமாக இல்லை.

உருளையும் கூடாது, அதன் இனத்தைச் சேர்ந்த எதுவும் கூடாது, தக்காளி, கத்தரி எல்லாம் அதே இனம்தான் என்று அந்த ஆபீஸ்காரர் அன்றைக்கே சொல்லியிருந்தார். அப்போது நான் மனதுக்குள் கட்டம் போட்டுக்கொண்டிருந்தேன். பாதிக் காதில் விழுந்ததே இப்போதுதான் நினைவுக்கு வந்தது. நான் போட்ட திட்டமே புழுவை உட்கார வைத்துச் சோறு போட்டிருக்கிறது. ஆடி மழையில் மேல் மண் கீழே இறங்கியும் ஆயிற்று. அவர் ஆசைப்படி உருளையே நட்டிருந்தாலும் இதைவிடக் கெட்டிருக்காது. வந்தவரைக்கும் கிழங்காவது அவருக்குக் கிடைத்திருக்கும். வெட்கமாக இருந்தது. யாராவது பார்த்துவிடுவார்களோ என்ற பயம் அதைவிடப் பெரிதாக இருந்தது.

சாமான் கட்டிக்கொண்டிருந்தவர் என்னைப் பார்த்துவிட்டு மேலே ஏறி வந்தார். பிடுங்கிய செடிகளைச் சட்டென்று வேர்ப்பக்கம் கீழே இருக்கும்படி புரட்டிப் போட்டேன்.

"மண்ணு எப்படிங்க சார் இருக்குது? புழு போயிருச்சுங்களா?"

"போயிட்டு இருக்குங்கண்ணா. பரவாயில்லை."

முகம் தெளிந்தது. "மனசுல அதொண்ணு உறுத்திட்டே இருந்ததுங்க. அன்னைக்கு நீங்க கண்டிச்சுச் சொன்னது நல்லதாப் போச்சு. நட்டிருந்தன்னா அஞ்சு குடும்பத்துப் பாவத்தையும் கட்டிக்கிட்டுத்தான் போயிருப்பன்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். மண் ஒட்டியிருந்த கையை இழுத்துக்கொள்ளவும் முடியவில்லை. அப்போதாவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.