சாக்கை எண்ணினேன், ஆளை எண்ணவில்லை

பிரியமானவர்களே, இந்தச் சாட்சியைச் சொல்ல எனக்கு ஒரு வருடம் பிடித்தது. சபையில் எழுந்து நின்று இதைச் சொல்ல என்னால் முடியவில்லை. அதனால் எழுதித் தருகிறேன். இதில் நான் நல்லவனாகத் தெரியமாட்டேன், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

மலேசியாவின் கேமரன் மலையில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் நான் கங்காணி. இருபத்திரண்டு பேர் என் கையின் கீழ் வேலை செய்கிறார்கள். எங்கள் தோட்டத்துச் சின்ன சபைக்கும் நான்தான் மூப்பன். போதகர் தானா ராத்தாவிலிருந்து மாதம் ஒருமுறைதான் வருவார். மற்ற ஞாயிறுகளில் பிரசங்கம் என்னுடையது. தாவீதைப் பற்றிப் பேசுவதென்றால் எனக்கு அல்வா சாப்பிடுவது மாதிரி. ஒருமுறை, அவர் கர்வத்தோடு ஜனங்களைத் தொகையிட்டதையும் அதனால் தேசத்தின் மேல் வந்த வாதையையும் முக்கால் மணி நேரம் பேசினேன். "எண்ணிக்கையைப் பார்த்தவர் முகத்தைப் பார்க்கவில்லை" என்று கையை ஆட்டி ஆட்டிச் சொன்னேன். முன் பெஞ்சில் இருந்த ஞானம்மா அக்கா தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

ஞானம்மா அக்கா என் பிரிவில் கொழுந்து வெட்டுகிறவர். சபையில் பாட்டு எடுத்துக் கொடுப்பவரும் அவர்தான். விதவை. தொழிலாளர் லயத்து வீட்டில் தனியாக இருந்தார். ஒரே மகன் ஸ்டீபன், கோலா தெர்லாவில் காய்கறி லோரி ஓட்டுகிறான்.

எங்கள் தோட்டத்தில் காலை ஆறு மணிக்குப் பெரட்டு. கங்காணி பெயரை வாசிப்பார், ஆட்கள் ஒவ்வொருவராகப் பதில் சொல்வார்கள். வேலை முடிந்து லோரி கிளம்பும்போதும் அதே மாதிரி வாசிக்க வேண்டும். மலையில் பனி மூடிவிட்டால் பத்தடிக்கு அப்பால் ஆள் தெரியாது, அதற்காக வந்த வழக்கம் அது. நான் மாலைப் பெரட்டை விட்டுப் பல மாதம் ஆகியிருந்தது. ஒவ்வொருவரின் கொழுந்துச் சாக்கிலும் நம்பர் அட்டை தொங்கும். நிறுக்கிற இடத்தில் இருபத்திரண்டு சாக்கு வந்துவிட்டால் இருபத்திரண்டு பேரும் வந்தாச்சு. அதுதான் என் கெட்டிக்காரத்தனம்.

போன நவம்பர், ஒரு வியாழக்கிழமை. மூன்று மணிக்கே பனி இறங்கி மழையும் பிடித்துக்கொண்டது. சாக்குகளை எண்ணினேன், சரியாக இருந்தது. இரண்டு லோரியிலும் ஆட்கள் பிளாஸ்டிக்கைத் தலையில் போட்டுக்கொண்டு குந்தியிருந்தார்கள். "போலாம் லா!" என்று கத்தினேன்.

மாலை ஏழு மணிக்குப் பாட்டுப் பயிற்சிக்கு அக்கா வரவில்லை. வீடு பூட்டிக் கிடந்தது.

தேட வந்தவர்கள் முதலில் என்னைத்தான் கேட்டார்கள். நான் அடித்துச் சொன்னேன்: "அக்கா மலையை விட்டு எறங்கிட்டாங்க. சாக்கு எடை போட்டாச்சு. நானே பார்த்தேன்." நான் பார்த்தது சாக்கை. என் பேச்சை நம்பி, அன்றைக்கும் வெள்ளிக்கிழமை முழுவதும் லயத்துப் பக்கத்து ஓடையில் தேடினார்கள். நாற்பது பேர். அவர் பெயரைச் சொல்லி ஒரே கத்தல். ஒரு செருப்புகூடக் கிடைக்கவில்லை.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் உபவாச ஜெபத்துக்கு மணி அடித்தேன். யாரும் வரவில்லை. ஸ்டீபன் மட்டும் வாசல் வரைக்கும் வந்தான், உள்ளே காலெடுத்து வைக்கவில்லை. முழங்கால் வரை சேறு.

"மாமா, கடைசியா எங்கம்மா மூஞ்சிய எப்ப பார்த்தீங்க?"

"சாக்கு எடை போடறப்போ..." என்று ஆரம்பித்தேன்.

"உங்களுக்கு எங்கம்மா சாக்கு வந்தா போதும்ல?" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

அந்தக் காலி பெஞ்சுகளுக்கு நடுவில் நான் விழுந்து கிடந்தேன். ஜெபம் வரவில்லை, சத்தியமாகச் சொல்கிறேன். பத்தொன்பது வருடம் மற்றவர்களுக்காக ஜெபித்த வாய்க்கு ஒரு வார்த்தை கிடைக்கவில்லை. செத்துப்போனால் நல்லது என்று நினைத்தேன். வாதை வந்தபோது தாவீது, தப்பு செய்தவன் நான், இந்த ஆடுகள் என்ன செய்தன என்று அழுதாரே, அது மட்டும் ஞாபகம் வந்தது. நானும் அதையே சொன்னேன். "ஆண்டவரே, எண்ணினவன் நான். குளிரில் கிடப்பது அவர். என்னை என்ன வேண்டுமானாலும் செய்யும். அவரைக் காட்டும். எனக்கு உதவ ஒரே ஒரு ஆளை அனுப்பும்." கூரையில் மழை மட்டும் கொட்டிக்கொண்டிருந்தது.

சனிக்கிழமை விடிவதற்கு முன்பே கதவைத் தட்டினான் பிரேம். நேபாளத்துப் பையன், தோட்டத்துக்கு வந்து நாலு மாதம். சபையில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, பாஷை பாதிதான் புரிந்தாலும் பாட்டுக்குக் கை தட்டுவான்.

"கங்காணி, அக்கா சாக்கு நான் தூக்கிட்டு வந்தது. அக்காவுக்கு முட்டி சாகித்." வலி என்பதை மலாயில்தான் சொன்னான். "சாப்பாட்டு டின்னு மேல விட்டுட்டாங்க. எடுக்கப் போனாங்க. நான் நெனச்சேன், அக்கா அடுத்த லோரியில ஏறிட்டாங்க."

அப்படியென்றால் அவர் இறங்கவே இல்லை. இரண்டு நாளாக நாங்கள் தேடியது தவறான இடம்.

"ஏன்டா நேத்து சொல்லல?"

"பயம். வேலை பெர்மிட் போயிடும்."

நான் சொன்னேன்: "சொல்லிட்ட, போதும். நீ போய்ப் படு. நேத்து வந்தவன் நீ, என்னோட சேர்ந்து மாட்டிக்காத. மேல நான் போறேன்."

அவன் அசையவில்லை. "அக்காவ விட்டுட்டு எங்க போறது, கங்காணி?" என்றான்.

தாவீது சொந்த மகனுக்குப் பயந்து, அழுதுகொண்டே வெறுங்காலோடு மலை ஏறினாரே, அன்றைக்கு அவர் திரும்பிப் போகச் சொல்லியும் போகாத ஈத்தாய் ஒரு அந்நியன். சொந்தங்கள் விலகின வேளையில் அவன் கூடவே நடந்தான். அதை நான் எத்தனையோ தடவை வாசித்திருக்கிறேன். அன்றைக்குத்தான் அவன் என் வாசலில் நிற்பதைப் பார்த்தேன்.

தேடுகிறவர்களுக்குப் போன் போட்டுச் சொன்னோம். வந்துகொண்டிருக்கிறோம், பனி விலகாமல் ஏறாதீர்கள் என்றார்கள். எனக்குப் பொறுக்கவில்லை. பெரட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு பிரேமோடு ஏறினேன். மேலே டார்ச் வெளிச்சத்தில் ஒரே வெள்ளை. கத்தத்தான் வாயைத் திறந்தேன், சத்தம் உடைந்து அழுகைதான் வந்தது. என்ன செய்வதென்று தெரியாமல் புத்தகத்தைத் திறந்தேன். மணி ஆறு. முதல் பெயரிலிருந்து வாசித்தேன், பெரட்டில் வாசிக்கிற மாதிரியே. ஒரு பெயர், பிறகு பதிலுக்காகக் கொஞ்சம் மௌனம். அடுத்த பெயர், மறுபடி மௌனம். பிரேம் தன் பெயருக்கு "இருக்கேன்" என்றான். பதினேழாவது பெயர் அக்காவுடையது.

"ஞானம்மா."

மௌனம்.

கீழே பள்ளத்திலிருந்து டங் என்று ஒரு சத்தம். பிறகு இன்னொன்று. கல்லில் சாப்பாட்டு டின்னைத் தட்டுகிற சத்தம்.

எனக்கு முன்னால் பிரேம் இறங்கிவிட்டான்.

ஆஸ்பத்திரியில் மூன்றாம் நாள் அக்கா பேசினார். "கீழ எல்லாரும் கத்துனது கேட்டுச்சு, தம்பி. நானும் தட்டிக்கிட்டேதான் இருந்தேன். யாரும் கத்துறத நிறுத்தலயே." அன்றிலிருந்து என் ஜெபத்தையும் யோசித்துப் பார்க்கிறேன். நானும் கத்திக்கொண்டே இருந்தவன்தான்.

உயிரோடு கிடைத்தார், ஸ்தோத்திரம். ஆனால் இடது கால் பழைய நிலைக்கு வரவில்லை. இனி மலை ஏறமாட்டார். தடி ஊன்றித்தான் நடக்கிறார். நடந்த எல்லாவற்றையும் ஆபீஸில் எழுதிக் கொடுத்தேன், தப்பு என்னுடையது, அந்தப் பையனுடையது இல்லை என்று. ஸ்டீபன் இன்னும் என்னோடு பேசுவதில்லை. அதற்காகவும் ஜெபிக்கிறேன், இப்போது கொஞ்சம் மெதுவாக.

உங்கள் வீட்டிலோ சபையிலோ யாராவது பள்ளத்தில் விழுந்து கிடக்கலாம். கர்த்தரிடம் அவர்கள் பெயரைச் சொல்லுங்கள். சொல்லிவிட்டுக் காத்திருங்கள். பதில் நீங்கள் எதிர்பார்க்காத ஆள் மூலமாக வரும், கடைசி பெஞ்சிலும் பாருங்கள்.

இப்போது தோட்டத்தில் மாலைப் பெரட்டைத் தவறவிடுவதில்லை. ஞாயிறு ஆராதனைக்கு முன்பும் ஒவ்வொரு பெயராக வாசிக்கிறேன். பிரேம் பெர்மிட் முடிந்து ஊருக்குப் போய்விட்டான். ஆனாலும் கடைசியில் அவன் பெயரைக் கூப்பிடுகிறேன். பெரட்டில் ஒருவருக்காக இன்னொருவர் பதில் சொல்லக்கூடாது. சபையில் மட்டும் நான் தடுப்பதில்லை. "பிரேம்" என்று சொல்லிவிட்டு நிறுத்துவேன். முன் பெஞ்சில் ஞானம்மா அக்கா தடியால் தரையில் இரண்டு முறை தட்டுவார்.