கருகாத எண்ணெய்

மன்னூபியாவிடம் ரோஸ்மேரி எண்ணெய் வாங்கப் போகிறவர்களுக்கு முதலில் கிடைப்பது திட்டு, பிறகுதான் எண்ணெய்.

"கைக்குழந்தை மூக்குகிட்ட கொண்டு போகாதே. வயித்துப்பிள்ளைக்காரி தொடவே கூடாது. முட்டிவலியா? ஆலிவ் எண்ணெயில சில சொட்டு விட்டுத் தேய். அப்படியே ஊத்திக்கிட்டு, தோல் வெந்துபோச்சுன்னு என் வாசல்ல வந்து அழாதே."

கஸ்ரீன் மலையடிவாரத்தில் எங்கள் ஊரில் எண்ணெய் வடிக்கும் கொப்பரை அவளிடம் மட்டும்தான் உண்டு. அதற்குத் தீ போடுகிறவள் நான். தழை அடிபிடித்தால் எண்ணெயில் கருகல் வாடை ஏறிவிடும். அவள் ஒரு தடவைகூட அடிபிடிக்க விட்டதில்லை. சந்தையில் அவள் எண்ணெயை யாரும் மோந்து பார்த்து வாங்க மாட்டார்கள். புருஷன் போன பிறகு அவளுக்கென்று மிஞ்சியது அந்தப் பெயர்தான்.

எங்களோடு மலையில் தழை அறுக்க வரும் ஹயாத், போன வசந்தத்தில் கொப்பரைக்குப் பக்கத்திலேயே விழுந்தாள். கை கால் வெட்டி இழுத்தது, வாயில் நுரை. நானும் மன்னூபியாவும் அவளை ஒருக்களித்துப் படுக்கவைத்து, நினைவு திரும்பும்வரை கூடவே இருந்தோம். டாக்டர், வலிப்பு என்றார். மாத்திரை கொடுத்து, இந்த எண்ணெய் வலிப்பைக் கிளப்பிவிடலாம், பக்கத்திலேயே போகாதே என்றார். அவள் அம்மா ஊருக்கு ரத்தசோகை என்று சொல்லிவைத்தாள். வலிப்பு என்று தெரிந்தால் யார் கட்டுவார்கள்? நாங்களும் வாயைத் திறக்கவில்லை.

மாப்பிள்ளை அமைந்தது. கல்யாணத்துக்கு முன்னால் மணப்பெண்ணை ஹம்மாம் குளியல்கூடத்துக்கு அழைத்துப்போனோம். நீராவிக்குள் பெண்களின் பாட்டும் குலவையும் காதைப் பிளந்தன. மாப்பிள்ளையின் தாய் துர்க்கியா ஒரு புட்டியை உயர்த்திக் காட்டினாள்.

"மன்னூபியா எண்ணெய்! என் மருமக முடி இடுப்புக்குக் கீழ இறங்கணும்!"

ஹயாத்தின் முகம் வெளுத்துவிட்டது. அவள் அம்மாவோ வாளித் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்த வாளியை அவள் தலையிலேயே கவிழ்த்திருப்பேன்.

"அக்கா, அப்படியே ஊத்தாதீங்க, எரியும்," என்றாள் மன்னூபியா.

"தெரியும்மா, உன் பாட்டைத்தான் ஊரே பாடுதே. ஏய், அந்த ஆலிவ் எண்ணெயை இப்படித் தள்ளு, கலந்துக்கலாம்."

புட்டியின் மூடி பாதி திரும்பிவிட்டது. மன்னூபியா எழுந்து துர்க்கியாவின் கையைப் பிடித்தாள்.

"அது கருகின எண்ணெய்."

பாட்டு நின்றது. துர்க்கியா மூடியைத் திறந்து மோந்து பார்த்தாள். "வாடையே இல்லையே?"

"வாடையை மறைக்க எனக்குத் தெரியும். தலையில பட்டா முடி கொத்துக் கொத்தா வந்துடும்."

"அப்ப, தெரிஞ்சேதான் எனக்கு வித்தியா?"

மன்னூபியா தலையைக் குனிந்துகொண்டாள். "ஆமா."

"உன் வாய்க்கு நாங்க பயந்தோம் பாரு, எங்களைச் சொல்லணும். திருட்டு முண்டை!"

உண்மை தெரிந்த நான் அங்கே உட்கார்ந்திருந்தேன். நான் வாயைத் திறந்தால் ஹயாத்தின் வாழ்க்கை போய்விடும். பல்லைக் கடித்துக்கொண்டு அழுதேன்.

கல்யாணம் நடந்தது. அதற்கப்புறம் சந்தையில் மன்னூபியாவின் புட்டிகளை ஆளாளுக்கு மோந்து பார்த்துவிட்டு வைத்துவிட்டுப் போனார்கள். அவளும் யாரையும் திட்டவில்லை. அந்த அமைதிதான் எனக்குத் தாங்கவில்லை.

குளிர்காலத்தில் துர்க்கியா கொப்பரைக்கே வந்து நின்றாள். கையில் அதே புட்டி, சொட்டுக் குறையாமல்.

"நேத்து மருமக சமையக்கட்டுல விழுந்துட்டா," என்றாள். "டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனோம். எல்லாத்தையும் அவளே சொல்லிட்டா. நீ ஏன் பொய் சொன்னேங்கிறதையும்."

"அவளைத் திருப்பி அனுப்பிடாதீங்க அக்கா."

"அன்னிக்கே தெரிஞ்சிருந்தா கல்யாணத்தை நிறுத்தியிருப்பேன்."

"தெரியும்க்கா. அதனாலதான்."

துர்க்கியா அடுப்புத் தீயைப் பார்த்தாள். பிறகு புட்டியை மன்னூபியாவின் கையில் வைத்து அழுத்தினாள்.

"எங்க வீட்ல இனி இது இருக்கக் கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. வர்ற சந்தைக்கு எடுத்துட்டு வா. உன் பக்கத்துல நின்னு நானே கூவி விக்கிறேன். எவ மோந்து பார்க்கிறான்னு பார்ப்போம்."